தூக்காத தண்டு

நேவி சுட்டுக் கடலில் இறந்த மீனவர்களின் குடும்பங்களுக்குப் பணம் சேர்க்க, மாதகல் மீனவர் ஒருவர் அங்கிருந்து கீரிமலை வரை தனியாகத் துடுப்புத் தண்டு வலித்தார். எங்கும் நிற்காமல் வந்தால்தான் பணம் தருவோம் என்று கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துச் சொல்ல, பள்ளிக்கூட வாத்தியாரான என்னையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள்.

கறுத்து மெலிந்த மனிதர். பற்றவைக்காத சுருட்டொன்றை எப்போதும் கடித்தபடி இருப்பார். பாதி வழியில் அது முறிந்து மடியில் விழுந்தது.

“உந்த இடத்திலைதான் என்ரை தம்பியைச் சுட்டவங்கள்,” என்றார்.

ஆள் இறந்த இடத்தில் தண்டைத் தூக்கிப் பிடித்து ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லாமல் அந்த ஊர் மீனவர்கள் கடப்பதில்லை.

“நில்லுங்கோ அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்,” என்றேன்.

“நிண்டா நிண்டதுதானே, மாஸ்டர்.”

வலித்துக்கொண்டே இருந்தார்.

கீரிமலைக் கரையில் சனம் மாலையோடு நின்றது. நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. மாலையைக் கழுத்தில் போடவிடாமல் கையில் வாங்கிப் பக்கத்துப் பலகையில் வைத்தார். தண்டில் அவருடைய கைத்தோல் ஒட்டியிருந்தது.

“எங்கை அண்ணை?”

“தம்பியிட்டைப் போய்ட்டு வாறன்.”

வள்ளம் வந்த வழியே திரும்பியது. அவர் இன்னொருமுறை வலித்துக் காட்டுகிறார் என்று நினைத்துச் சனம் கைதட்டியது.