கேட்டுக்குள்ளேயே எல்லாம்

பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு ஒரகடத்துக் கம்பெனிகளில் லைனில் நிற்க மாட்டோம் என்று வீம்பாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி, பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்த என் கல்லூரித் தோழி. வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். அதற்கெல்லாம் நம்மை எடுப்பார்களா என்று நான் வாயைப் பிளந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த ஏஜென்ட் இரண்டு இடம் காட்டினார். வியட்நாமில் சின்னப் பிள்ளைகளுக்கான டியூஷன் சென்டர். வீடு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், சமையலும் நம்முடையது. கம்போடியாவில் பெரிய கேம்பஸ். ஹாஸ்டல், சாப்பாடு, கடை எல்லாம் கேட்டுக்குள்ளேயே. ஏர்போர்ட்டுக்கே வண்டி வரும். பாஸ்போர்ட்டை ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேலை நேரத்தில் போன் கூடாது, வெளியே போக அனுமதி வாங்க வேண்டும்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்பார்கள். எங்களுக்கு உறைக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் நல்ல கம்பெனி என்றால் அதுதானே? கான்ட்ராக்டர் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார். போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியூர்ப் பெண்களுக்கு ஹாஸ்டலை விட்டால் கம்பெனி பஸ், பஸ்ஸை விட்டால் லைன். வார்டன் சொல்லாமல் கடைத்தெருப் பக்கம்கூட வர முடியாது. அப்படி இருந்தால்தான் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

என் அப்பா வியட்நாம் என்றதுமே முகம் சுளித்தார். "தனியா வூடு எடுத்துகினு தங்கறதா? வாணாம்மா. அந்த இன்னொண்ணு நல்லா கீது, எல்லாம் உள்ளாறயே." தோழியின் அம்மாவும் அதையேதான் சொன்னார். கணவர் இல்லாதவர், ஒரே மகள், அவருக்கே ஒரகடத்தில்தான் லைன் வேலை. ஆக, வியட்நாம் போச்சு.

இன்டர்வியூவில் எங்களை ஒரு பாடம்கூட நடத்தச் சொல்லவில்லை. எவ்வளவு வேகமாக டைப் அடிப்பாய் என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு என்னமோ போல் இருந்தது. "ஆன்லைன் கிளாஸா இருக்கும்டி எரும," என்றாள் அவள்.

என் பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் இழுத்துக்கொண்டே போனதால் அவள் முதலில் கிளம்பினாள். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவள் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

ஒரு நாள் மதியம் என்னைக் கூப்பிட்டாள். "ஹாய் டியர், திஸ் இஸ் எ வெரி குட் பிளேஸ். கம் சூன்." வகுப்புக்கு வெளியே என்னிடம் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாதவள். டியராம்! "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றேன். "இங்கிலீஷ் ஒன்லி, ப்ளீஸ்," என்றாள். அவளுக்குப் பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

அப்படியே அவள் வீட்டுப் பக்கம் ஓடினேன். அவள் அம்மா செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தார். "ஆன்ட்டி, நான் போவல. அவ பக்கத்துல யாரோ ஒக்காந்து கேட்டுகினு இருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் புரியாது, அதான் இங்கிலீஷ்ல பேச வெக்கறாங்க," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்கிலீஷ் டீச்சர்னா இங்கிலீஷ்லதான் பேசுவா. நீ போவலன்னா வுடு, என் பொண்ண இன்னாத்துக்கு பயம் காட்ற? போன் உள்ள வுடமாட்டாங்க, வெளிய வுடமாட்டாங்க, அவ்ளோதான? எனக்கு மட்டும் வுடறாங்களா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர் மேல் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பெனி மதிலைப் பார்த்துப் பார்த்து, மதில் இருந்தால் நல்ல இடம் என்று நம்பப் பழகிப்போன எங்கள் எல்லார் மேலும்தான்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் இறங்கித் திரும்பி வந்தார். தன் போனை என் கையில் வைத்து அழுத்தினார்.

"எனக்குப் பண்ணா தமிழ்லதான் பேசுவா. எனக்கு இங்கிலீஷ் இன்னா தெரியும்? கேட்ல குடுத்துட்டா யாரு எடுக்கறது, நீ வெச்சிக்கோ. இன்னிக்கு லீவு போட்டா வேல போயிடும். காலைல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்."

பஸ் ஒரகடம் பக்கம் போய் மறைந்தது. நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். வெயில் இறங்கும் நேரத்தில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மம்மி, ஐ ஆம் வெரி ஹேப்பி ஹியர்."