கீறல் இல்லாத வள்ளம்

ஆவடிக்கு அப்பால் முத்தாபுதுப்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. காலையில் கேட்டைத் திறந்ததும் முகத்தைத் தூக்கிக் காற்றைப் பார்ப்பது எனக்கு மட்டும் விடாத பழக்கம். ஊரில் பல் துலக்குவதற்கு முன்னால் செய்கிற வேலை அது. வாடையா, கொண்டலா, கச்சானா என்று பார்த்த பிறகுதான் அன்றைக்குக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சே வரும். இங்கே வந்த புதிதில் வீட்டுக்காரர் பரந்தாமன் நான் அப்படி நிற்பதைக் கண்டு, தானும் பக்கத்தில் வந்து நின்று மேலே பார்த்தார். "இன்னா சார், ஹெலிகாப்டர் போவுதா?" என்றார். "இல்ல சார், காத்து பாக்குதேன்" என்றேன். "காத்தா? ஊட்ல ஃபேன் ஓடலியா? சொல்லக் கூடாதா சார்" என்று அப்போதே போனை எடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியன் வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர் பரந்தாமன். அவரிடம் நான் விளக்கம் சொல்லவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பெயர் பெரிது, வேலை சிறியது. கடைந்து மினுக்கி வருகிற இரும்பு உருளைகளை ட்யூப்லைட்டுக்கு அடியில் உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழை அளவுக்குக் கீறல் தெரிந்தாலும் சிவப்புத் தட்டில் போட்டுவிட வேண்டும். சிவப்புத் தட்டில் விழுந்தது வண்டி ஏறாது, உருக்கத்தான் போகும். வருஷக் கணக்கில் இதையே செய்து, கல்யாண வீட்டில் எவர்சில்வர் டம்ளரை நீட்டினால்கூட ஒரு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன். "இந்த மாரி உருட்டிப் பாத்து மாப்பிள்ள எடுக்க எங்கப்பாவுக்குத் தெரியலியே" என்பாள் என் மனைவி ரோஸ்லின். இந்தக் கண் இருந்ததால்தான் மேலே வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை மாதிரி கடலோரத்தை விட்டு வந்து இந்தப் பக்கம் வாடகை வீடுகளில் இருக்கிற எல்லோருக்கும் அப்படி ஏதாவது ஒரு பெருமை இருக்கும்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே. அப்பா காலமான பிறகு வள்ளம் தம்பி சேவியர் கைக்குப் போனது. வள்ளம் என்றால் பெரிய படகு இல்லை, ரெண்டு மூணு பேர் போகிற ஃபைபர் வள்ளம். விடிவதற்கு முன் போய் வலை விட்டு, உச்சிக்குள் கரைக்குத் திரும்புகிற தொழில். போன மழைக்காலத்துப் புயலில், கடல் ஊருக்குள் வராமல் தடுக்கப் போட்டிருந்த கல்வரிசையிலேயே கடல் எங்கள் வள்ளத்தைத் தூக்கி அடித்தது. காலையில் போய்ப் பார்த்தபோது அம்மா பொறுக்கி வந்தது ஒரு பலகையும் நங்கூரக் கயிறும்தான். அப்போதிலிருந்து சேவியர் அடுத்தவர்களின் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். போனால் பல நாள் கடலிலேயே கிடப்பான். அந்த வாழ்க்கை கசந்துபோய், வளைகுடாவில் யாரோ ஒரு முதலாளியின் படகில் மீன் பிடிக்க ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். அந்தப் பக்கம் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் பெயர் மட்டும் வந்தது. அம்மா என்னிடம் போனில் அழுதாள். நான் அவனிடம் கெஞ்சினேன். "கரையில ஒரு வள்ளம் நின்னா நா எதுக்குண்ணே போறேன்" என்றான். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் பழைய வள்ளம் தேடக் கிளம்பினேன். புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் பழைய வள்ளம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். "மெட்ராசுல கெடைக்காத பொருளாய்யா" என்றாள் அம்மா.

முதலில் பார்த்தது பழவேற்காட்டில். ஏழுமலை என்பவருடைய வள்ளம். பெரிய மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்து, அப்பாவை இனிமேல் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். வள்ளத்தைப் பார்த்ததுமே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கவாட்டில் பச்சையும் நீலமுமாக ஒட்டுகள். வலை இழுத்து இழுத்து வலது விளிம்பு பள்ளமாகத் தேய்ந்திருந்தது. மூக்கில் அடித்திருந்த இரும்புப் பட்டை நசுங்கிக் கிடந்தது. ஏழுமலை அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "நல்லா பாத்துக்க அண்ணாத்தே. எத்தினி காத்துல மாட்டிகினு கீறேன் தெரியுமா? ஒவ்வொரு வாட்டியும் என்னிய ஊட்டாண்ட இட்டாந்து வுட்டுது" என்றார். விற்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று தலையாட்டினேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினேன். பொன்னேரி வருவதற்குள் மனத்தில் அதைச் சிவப்புத் தட்டில் போட்டாயிற்று.

இரண்டாவது வள்ளம் கடலே இல்லாத இடத்தில் கிடைத்தது. சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ஹைவேயை ஒட்டி, சலீம் பாயின் பழைய சாமான் யார்டு. ஹோட்டல் அடுப்புகள், ஜெனரேட்டர்கள், ஆபீஸ் நாற்காலிகளுக்கு நடுவே செங்கல் அடுக்கி அதன்மேல் நின்றது. பாய் நீலத் தார்ப்பாயை இழுத்ததும் நான் ஒரு அடி முன்னால் போனேன். பால் வெள்ளை. "அப்பார்ட்மென்ட்காரங்க வெள்ளத்துக்குன்னு வாங்கி வெச்சது சார். அப்பாலே வெள்ளமே வர்ல. வண்டி நிறுத்த எடமில்லன்னு தள்ளிவுட்டுட்டாங்க. ஒரே ஓனரு. தண்ணியே பாக்காத போட்டு" என்றார். நான் மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். சுற்றி வந்து மறுபக்கமும் தடவினேன். ஒரு கீறல் இல்லை. தம்பி போகமாட்டான் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு சுற்றும் தடவினேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடலுக்கா சார்? எனக்குக் கடலு தெரியாது, மெரினாவுல பஜ்ஜி துன்னதோட சரி. தெரிஞ்சவங்க யாரையாச்சும் இட்டாந்து காட்டிட்டு எடுங்க" என்றார். "நானே கடக்கரக்காரந்தான் பாய்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்ன தோரணையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சேவியர் அப்போது விசைப்படகில் இருந்தான், போன் எடுக்காத தூரம். டிக்கெட் வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். வேறு யாரோ ஃபார்ம்ஹவுஸ்காரர் அந்த வள்ளத்தைக் கேட்டிருப்பதாகப் பாய் சொன்னார். கையிலிருந்ததை எல்லாம் கொடுத்து எடுத்துவிட்டேன். லோடு வண்டியில் ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூக்கில் சிவப்புத் துணி கட்டி, பூந்தமல்லி வழியாக ஊர்வலம் மாதிரி கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினேன். அம்மாவுக்குச் சொன்னதும் அவள் அன்றைக்கே ஆள் வைத்து, எங்கள் பழைய வள்ளம் நின்ற இடத்தில் மணலைச் சமப்படுத்தி, வள்ளம் ஏறி நிற்கப் புதிதாகப் பனந்தடிகள் போட்டுவிட்டாள்.

சேவியர் கரைக்கு வந்ததும் வீடியோ காலில் வந்தான். நான் போனைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தைச் சுற்றி வந்தேன்.

"வல இழுக்குத பக்கத்தக் காட்டுண்ணே."

"எந்தப் பக்கம்டா?"

"அதத்தான் நானும் தேடுதேன். ஒரு பக்கமும் தேயலியே."

"புதுசு மாரி இருக்குல்லா?" என்றேன்.

"காயமே இல்லன்னா இது கடலுக்கே போனதில்லண்ணே. போகாதது திரும்பி வருமான்னு எப்படித் தெரியும்?" என்றான். பிறகு என் முகம் மாறியதைப் பார்த்திருப்பான் போல. "சரி, தண்ணியில எறக்கிப் பாரு. பாத்துட்டுப் பேசுவோம்" என்றான்.

வண்டியை மறுபடியும் பிடித்துக் கோவில்பதாகை ஏரிக்குப் போனோம். பரந்தாமன் தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டார். கரையில் நின்று, சேவியருக்கு வீடியோவில் காட்டப் போனைப் பிடித்துக்கொண்டது அவர்தான். ஆகாயத்தாமரையை ஒதுக்கி இறக்கியதும் வள்ளம் அழகாக மிதந்தது. ஏறி நின்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு காலுக்கடியில் தண்ணீர். அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நடுவுல நின்னு குதிகாலால ஓங்கி மிதிண்ணே" என்று போனில் சேவியர் கத்தினான். மிதித்தேன். அடிப்பக்கம் எண்ணெய் டின் மூடி மாதிரி உள்ளே அமுங்கி, டொப்பென்று வெளியே வந்தது. இன்னொரு தடவை மிதித்தேன். மறுபடி டொப். கரையிலிருந்து பரந்தாமன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "சூப்பரா மெதக்குது சார், டைட்டானிக்கு தோத்துது" என்றார். அவர் கையிலிருந்த போனில் என் தம்பி, "போதும்ணே, எறங்கு" என்றான். அலை அடிக்கிற கடலில் அந்த அடிப்பக்கம் ஒரு நாள் தாங்காது. அதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் நானும் அந்தக் கரையில் வளர்ந்தவன்தானே. குதிகாலுக்கு ஞாபகமிருந்தது, கைக்கும் கண்ணுக்கும்தான் மறந்துவிட்டது.

ஏரிக்கரையில் நின்றபடியே ஏழுமலைக்குப் போன் போட்டேன். எப்படியாவது கடன் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். "போன வாரமே ஆந்திராப் பக்கத்துலேர்ந்து வந்து எட்த்துகினு போயிட்டாங்க அண்ணாத்தே. அவங்க மேல கூடப் பாக்கல. கவுத்துப் போட்டுத் தட்டிப் பாத்தாங்க, அவ்ளோதான்" என்றார். சலீம் பாய், "நான் சொன்னேனே சார்" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் விற்றுத் தருகிறேன் என்றார். யாரும் கேட்கவில்லை. மறுநாள் ஷிஃப்டில் உருளைகளை உருட்டிக்கொண்டிருந்தபோது கண்ணை நீர் மறைத்தது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். சோதித்துப் பார்க்கத் தெரிந்தவன் என்று எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

சேவியர் விமானம் ஏற எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். ஆவடி ஸ்டேஷனில் ஒரு புதுப் பெட்டியோடு இறங்கினான். வீட்டில் இடமில்லை என்று பெட்டியை வாசலில் நின்ற வள்ளத்துக்குள் வைத்தோம். அவன் வள்ளத்தைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டினான். பழக்கத்தில் மூக்கின் மேல் கட்டைவிரலால் சிலுவை போட்டான். அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். "லாரி கெடைக்கலன்னு சொல்லிருக்கேன். நீயும் அதையே சொல்லு" என்றான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "நல்ல பொருளுதாண்ணே. ஏரிக்குச் செஞ்சது, ஏரிக்கு ஒரு கொறையும் இல்ல" என்று எனக்குச் சமாதானம் சொன்னான். மத்தியானம் கிளம்பும்போது பெட்டியை இழுத்தான். அதன் சக்கரம் விளிம்பில் உரசி, வெள்ளையின் மேல் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்தது. "ஐயோ, கீறிட்டேனே" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "இனிமே இது பழைய வள்ளம்ணே" என்றான். ரோஸ்லின் உள்ளே போய்விட்டாள்.

மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, டாக்ஸிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே நின்று அவன் முகத்தைத் தூக்கினான். "இது என்ன காத்துண்ணே?" என்று கேட்டான். நானும் முகத்தைத் தூக்கினேன். எனக்குத் தெரியவில்லை. கொண்டலாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போனான். அவன் போய்ச் சேர்ந்ததாக ஒரு தடவை பேசினான். அதற்குப் பிறகு போன் வரவில்லை. கடலில் இருப்பான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

நேற்று மழை. வள்ளத்துக்குள் தண்ணீர் கட்டிவிட்டது. கொசு வரும் என்று பரந்தாமன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சார், கப்பலுக்கு ஒரு வழி பண்ணிடுங்க" என்றார். இன்று காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, தெருவில் இறைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். எங்கள் பனந்தடிகளின் மேல் யாரோ வள்ளத்தை ஏற்ற வந்தார்களாம், சண்டை போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். "நம்ம வள்ளம் வந்தா எங்கய்யா நிப்பாட்ட? வள்ளம் வந்துட்டா அவனும் வந்துருவான்" என்றாள். நான் அடுத்த பக்கெட்டை முக்கி இறைத்தேன்.

"அது என்ன சத்தம்யா?" என்றாள்.

"தண்ணி எறைக்குதேன்மா."

"வள்ளத்துலயா?"

"ஆமா."

அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா இருந்த நாளில், அவர் கரைக்கு வந்ததும் முதலில் வீட்டுக்குக் கேட்பது வள்ளத்துத் தண்ணீரை இறைக்கிற அந்தச் சத்தம்தான். "நிறுத்தாத, நல்லா எறச்சு வையி" என்றாள். நான் இறைத்துக்கொண்டே இருந்தேன்.