பொன்னிக்குக் கிடைத்த மூன்று நாள் வாய்தா

1. இதை எழுதிக் கையொப்பமிடும் நான், ஆ. சங்கரநாராயணன், வயது அறுபத்து நான்கு, திருவனந்தபுரம் கரமனையில் வசிப்பவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கறிஞராகத் தொழில் செய்துவருபவன்.

2. மறைந்த திருமதி கோமதி எனக்கு உறவினர் அல்லர். கால்நடை மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் என் நாயின் மலத்தைப் பரிசோதித்தவர் என்ற முறையில் அறிமுகமாகி, நான்கு ஆண்டுகள் பழகியவர்.

3. கீழே வருவன நான் நேரில் கண்டவையும் கேட்டவையும் ஆகும். பிறர் சொல்லி அறிந்தது எதுவாயினும் அவ்வாறே குறிப்பிட்டுள்ளேன்.

சென்ற திங்கட்கிழமை காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து சிந்து அழைத்தாள். "சாரே, நம்முடெ கோமதிச்சேச்சி போயி" என்றாள். கோமதி ஆண்டுக்கு இரண்டு முறை நாகர்கோவிலுக்குத் தங்கை வீட்டுக்குப் போவது வழக்கம். ஆகவே, "எப்போது திரும்புகிறார்?" என்று கேட்டேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது. பிறகுதான் அந்தப் பெண் அழுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. ஞாயிறு காலை நெஞ்சுவலி வந்ததாகவும், மருத்துவமனை சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சிந்து சொல்லி அறிந்தேன். சொற்களை எடைபோட்டுப் பிழைப்பவன், அப்படியொரு கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

கோமதியும் நானும் அறிமுகமானதும் ஒரு சொல்லால்தான். என் நாய் பொன்னிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வரவேற்பு மேசையில் சிந்து அப்போது புதியவள். "பொன்னிக்கு வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லி, மலம் அடைத்த குப்பியைக் கொடுத்தேன். மறுநாள் கைக்கு வந்த அறிக்கையில் பெயர் பொன்னி என்றும், எடை பத்தொன்பது கிலோ என்றும், இனம் பூனை என்றும் இருந்தது. என் பூச்சி அவள் காதில் மலையாளத்துப் பூச்சயாக, அதாவது பூனையாக, விழுந்திருந்தது. தவறான ஆவணத்தை நான் ஏற்பதில்லை. திருத்திக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டு மேசை முன்னால் நின்றேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் முதலில் வந்தது. ஆள் பின்னால் வந்தார். குள்ளமான உருவம், நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, நீலக் கையுறை. "எடீ சிந்து, பத்தொம்பது கிலோல பூச்சன்னா அது புலியாக்கும்! நம்ம கூட்டுக்குள்ள கொள்ளாது, கேட்டோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார் தமிழா? இங்க பூச்சின்னு சொல்லாதீங்க. விரன்னு சொல்லணும். கல்யாணம் ஆகி இங்க வந்த புதுசுல நானும் இப்பிடித்தான், ஒரு பசுமாட்டப் பூனையாக்கிட்டேன்" என்றார்.

அதே அறிக்கையில் இன்னொரு திருத்தமும் இருந்தது. ஒட்டுண்ணிகள் என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, 'காணவில்லை' என்று எழுதியிருந்தார். இல்லையென்றால் இல்லை என்று எழுதுவதில் என்ன தடை என்று கேட்டேன். "இல்லன்னு சொல்லணும்னா பொன்னியோட வயித்துக்குள்ள முழுசும் நா போய்ப் பாத்திருக்கணும் சார். நா பாத்தது ஒரு பொட்டு. அதுல காணல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ சாட்சிகளை விசாரித்திருக்கிறேன். தமக்குத் தெரிந்ததன் எல்லை எங்கே முடிகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

பொன்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்முடிக்குப் போய்த் திரும்பும் வழியில், விதுரா சந்தை அருகே நாங்கள் தேநீர் குடிக்க இறங்கியபோது, என் மனைவி மீனாட்சியின் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு விடாமல் நின்ற குட்டி அது. காரில் அவள் மடியிலேயே தூங்கி வந்தது. மீனாட்சி இறந்து ஓராண்டு ஆகியிருந்த சமயத்தில்தான் இந்த நோய் வந்தது. என் வீட்டில் மீனாட்சியின் குரலை அறிந்திருந்த உயிர்கள் நானும் அந்த நாயும் மட்டுமே.

ஐந்து வாரங்கள் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. குடற்புழு மருந்து கொடுத்தோம், உணவை மாற்றினோம், ஊசி போட்டார்கள். விலா எலும்புகள் எண்ணும்படி தெரிந்தன. இரண்டாவது பரிசோதனையிலும் மூன்றாவதிலும் 'காணவில்லை' என்றே வந்தது. குடலே பழுதாகியிருக்கலாம் என்றும், இனி அது துன்பப்படாமல் ஊசி போட்டு ஒரேயடியாக உறங்கச் செய்வதும் ஒரு வழி என்றும் மருத்துவர் தயக்கத்தோடு சொன்னார். தம் முன்னால் இருந்த அறிக்கைகளைக் கொண்டு அவர் அப்படிச் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நான் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டேன். காரணம் என்ற இடத்தில், 'விலங்கின் தாங்கவொண்ணாத் துன்பம்' என்று எழுதினேன்.

படிவத்தை மேசையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோமதி அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இது உங்க கையெழுத்துதானா, சார்?"

"ஆம்."

"நல்ல தெளிவா இருக்கு. என்னோட மூணு ரிப்போர்ட்டும்தான் தெளிவா இல்ல." அருகில் உட்கார்ந்தார். "மூணு தடவையும் லென்சுக்கு அடியில ஒண்ணுமே அசையல. விரய விடுங்க, வயித்தால போற நாயோட மலத்துல கிருமியாவது துடிக்கும்லா? இது செத்த வீடு மாதிரி கெடக்கு. சார், அந்தக் குப்பிய நீங்க எப்படிக் கொண்டாறீங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். காலையில் எடுத்து, வெந்நீரில் கழுவிய குப்பியில் இட்டு, நாற்றம் வராதிருக்கக் கைகழுவும் சானிடைசரைச் சில சொட்டுகள் விட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து மாலையில் கொண்டுவருவேன். இன்னொருவர் கையில், அதுவும் ஒரு பெண்மணியின் கையில், அப்படிப்பட்ட ஒன்றைக் கூடியவரை சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஸ்பிரிட் மணக்காத மூலையே அந்த ஆய்வகத்தில் கிடையாது. ஆகவே அவர் மூக்குக்கும் அது பிடிபட்டிருக்கவில்லை.

கோமதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று என்னால் சொல்ல இயலவில்லை. "அய்யோ வக்கீல் சாரே! தடயத்த எல்லாம் நீங்களே குளிப்பாட்டி அழிச்சிட்டீங்களே!" என்றார். பிறகு, தாழ்ந்த குரலில்: "நாய்க்கு ஒரு வாய்தா குடுங்க சார். மூணு நாள். உங்க கோர்ட்டுல கொலகாரனுக்கே குடுப்பாங்கல்லா?"

கொடுத்தேன்.

நிபந்தனைகளை அவர் வரிசையாகச் சொன்னார். அடுத்தடுத்து மூன்று காலைகள். எடுத்த அரை மணி நேரத்துக்குள் அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும். சானிடைசர் கூடாது, குளிர் கூடாது. "சூடு போகாம கொண்டாங்க. வேட்டி மடியில வச்சுக் கட்டிக்கோங்க. கூச்சமே படாதீங்க, மூடி நல்லா இறுக்கமாத்தான் இருக்கும்." கரமனையிலிருந்து ஆட்டோவில், மடியில் வெதுவெதுப்பான குப்பியோடு, எதிரே வரும் தெரிந்தவர்களுக்குத் தலையசைத்தபடி மூன்று நாள் போனேன். அவர் தமது நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்து, விளக்கைப் போட்டுவைத்துக் காத்திருப்பார். முதல் நாள், காணவில்லை. இரண்டாம் நாள், காணவில்லை. "சில ஜீவன் தினமும் வெளிய வராது, சார்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் கண்ணாடித் துண்டை வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. வலது கை மட்டும் நுண்ணோக்கியின் திருகாணியை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு தலையைத் தூக்காமலேயே இடது கையால் என்னைக் கூப்பிட்டார். "வாங்க, சார். பாருங்க. காத்துல எல உதிருத மாதிரி ஒண்ணு போகும்."

முதலில் எனக்கு என் இமைமுடிகள்தாம் தெரிந்தன. பிறகு பார்த்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் சின்னஞ்சிறிய ஒன்று, புரண்டு புரண்டு, உண்மையிலேயே மரத்திலிருந்து விழும் இலையைப் போல அசைந்துகொண்டிருந்தது. "அவந்தான். ஜியார்டியா. இது புழுவே இல்ல, அதான் புழு மருந்துக்கு மசியல. சாயம் போட்டுப் பாத்தா ரெண்டு கண்ணு வச்ச மூஞ்சி மாதிரி இருப்பான், நம்மளயே பாப்பான்" என்றார் கோமதி. அந்த அறிக்கையில் 'கண்டேன்' என்று எழுதி, அடியில் கோடிட்டார். அவர் கோடிட்டு நான் பார்த்த ஒரே அறிக்கை அது.

அதற்குரிய மருந்தை மருத்துவர் அன்றே எழுதித் தந்தார். முற்றத்தைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவிடவும், பொன்னியின் பின்புறத்தைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவவும் கோமதி சொல்லிக்கொடுத்தார். பத்தாம் நாள் மலம் இறுகியது. அந்தச் செய்தியை நான் அவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தபோது நீதிமன்ற வாசலில் நின்றிருந்தேன் என்பதையும், உரக்கவே சொன்னேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கோமதி என்னிடம் மட்டும் அப்படி நடந்துகொண்டார் என்று எவரும் எண்ண வேண்டாம். விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலை செய்யும் முத்துப்பாண்டி, வேலையிடத்துத் தெருநாய்க்குட்டி ஒன்றைச் சிமெண்டுச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒருநாள் வந்தார். நானும் அங்கிருந்தேன். குட்டியின் மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் நிறைய இருந்தன. சொல்லிவிட்டுக் கோமதி மேசைக்கு வெளியே வந்து, அவர் கால்களைக் குனிந்து பார்த்தார். பாதத்தில் சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடியிருந்தது. "அண்ணாச்சி, குட்டிக்கு மருந்து நாங்க குடுக்கோம். அதே புழு உங்க கால்லயும் பூந்த மாதிரி இருக்கு. இந்தக் காலக் கொண்டு நீங்க மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்த மணல்ல செருப்பு இல்லாம நிக்காதீங்க" என்றார். "நாயப் பாக்க வந்தா என்னையப் பாக்கீங்களே, டாக்டரம்மா" என்றார் அவர். "நா டாக்டர் இல்ல, அண்ணாச்சி. பீ பாக்கவ" என்றார் கோமதி, சாதாரணமாக. முத்துப்பாண்டி சிரித்துச் சிரித்து நாய்க்குட்டியைக் கீழே விடப் பார்த்தார். அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனதாகப் பின்னர் அவரே சொல்லி அறிந்தேன்.

இனி நான் சொல்ல வேண்டியது, இவ்வளவையும் நான் எழுதத் துணிந்ததன் காரணம்.

பொன்னி தேறிய பிறகு ஒரு மாலை, கோமதி அந்தச் சம்மதப் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "சார், ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லாண்டாம். தாங்கமுடியாத துன்பம்னு எழுதியிருக்கீங்களே, அது பொன்னிக்கா, உங்களுக்கா?"

படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் அதை மறுபடி கேட்கவில்லை. அந்த ஐந்து வாரங்களும் காலையும் மாலையும் தனியாகத் தரையைத் துடைத்தேன். துடைக்கும்போதெல்லாம், மீனாட்சியின் கடைசி மாதங்களில் அதே தரையை அதே துணியால் துடைத்தது நினைவுக்கு வந்தது. இரண்டாவது முறை அந்த முடிவைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் திராணி இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. படிவம் எழுதிய அன்று காலைகூட நாய் என் செருப்புச் சத்தம் கேட்டு வாலை ஆட்டியது. அதைப் பார்த்த பின்னரே கையொப்பமிட்டேன். படிவத்தில் நான் எழுதிய காரணம் முழு உண்மையன்று. அதைக் கோமதி அறிந்திருந்தார். நான்கு ஆண்டுகளில் ஒரு முறையும், வேடிக்கைக்காகக்கூட, எவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை என்று சிந்துவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர் காத்ததை இப்போது நானே சொல்லிவிடுகிறேன். இனி அதை அவர் காக்க வேண்டியதில்லை.

கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. திரும்பப் பெற இயலாத எதிலும், அது என்னுடையதாயினும் என் கட்சிக்காரருடையதாயினும், மூன்று காலைகள் கழியாமல் நான் இப்போது கையொப்பமிடுவதில்லை. முதல் காலையில் என் சோர்வு கண்ணில் படும். இரண்டாம் காலையிலும் சில வேளை அதுவே இருக்கும். மூன்றாம் காலையில் பொன்னி வந்து என் முழங்காலில் தாடையை வைத்துக்கொள்ளும். எழுதப்போவது உண்மைதானா என்று அதன் பிறகே பார்ப்பேன்.

மேற்கண்டவை என் அறிவுக்கும் நினைவுக்கும் எட்டியவரை உண்மை.

(ஒப்பம்)
ஆ. சங்கரநாராயணன்
கரமனை, திருவனந்தபுரம்

சாட்சிகள்:
சிந்து, வரவேற்பு மேசை
முத்துப்பாண்டி, விழிஞ்ஞம்