ஒன்பதாம் பக்கத்தில் இருந்த பதில்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியும் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை நடத்திவந்தோம். போட்டோ கொப்பி, டைப்பிங், வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல். இன்டர்நெட்டும் இருந்தது, டெலிபோன் வயர் வழியாக ஊர்ந்து வரும்.

ஒரு சனிக்கிழமை காலை, அக்கரப்பத்தனையிலிருந்து கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் அழைப்பிதழ் அடித்து வாங்க வந்தார்கள். பெண் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். மாப்பிள்ளை லொறி ஓட்டுபவர். நாலைந்து கார்டு அடித்ததும் பிரிண்டர் மக்கர் பண்ணியது. மைப்பெட்டி ஒரு கோடியிலிருந்து பாய்ந்து மறுகோடியில் டமாரென்று முட்டி நின்றது. எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அதே கதைதான்.

"இன்னைக்குப் பகல் பஸ்ல போயி லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் குடுக்கணும் அண்ணே" என்றாள் பெண்.

பழுதுபார்க்கக் கண்டிக்கு அனுப்பினால் திரும்பிவர ஒரு வாரம் ஆகும். இணையத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர் பழுதுகளைப் பற்றிப் பலரும் பேசிக்கொள்ளும் ஒரு மன்றம் இருந்தது. அங்கே தேடினேன். யாரோ ஒருவர் எங்கள் பழுதையே கேட்டிருந்தார். கீழே பக்கம் பக்கமாகப் பதில்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம்.

நாலு பேரும் ஒரே திரையில் தலையை நுழைத்தோம். பெண்தான் ஆங்கிலத்தை வேகமாக வாசித்துச் சொன்னாள். மோட்டார் போய்விட்டது என்றார் ஒருவர். தூக்கி எறி என்றார் இன்னொருவர். வேறு இருவர் எந்த மை நல்லது என்று ஒரு பக்கம் முழுக்கச் சண்டை போட்டிருந்தார்கள். நடுவில் கேள்வி கேட்டவரே வந்து, "சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

"எப்படிச் சரியாச்சுன்னு சொல்லாமலே போயிட்டாரே இந்த மனுசன்" என்றாள் என் மனைவி.

"வழி கேட்டா, 'நான் வந்து சேந்துட்டேன்'னு சொல்ற மாதிரி இருக்கு அக்கா" என்றார் மாப்பிள்ளை. அவசரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஒன்பதாம் பக்கத்தில் பதில் கிடைத்தது. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டி இருக்கும். அதில் மை படிந்தால் பெட்டி எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் கீழே இரண்டு பேர், செய்தோம், வேலை செய்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

என் மனைவி கைக்குட்டை நுனியை நனைத்துப் பட்டியை மெதுவாகத் துடைத்தாள். துணியில் கறுப்பாக வந்தது. போட்டதும் பெட்டி பூனை மாதிரி நடந்து போய் நடந்து வந்தது. பெண் கை தட்டினாள். மத்தியான பஸ்ஸில் அழைப்பிதழ் கட்டோடு ஏறிப் போனார்கள்.

"ஏங்க, அடுத்து வர்றவங்களும் இப்படியே ஒன்பது பக்கம் புரட்டணுமா?" என்றாள் மனைவி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மன்றத்தை நடத்துபவருக்கு எழுதினாள்: பலருக்குச் சரிவந்த பதில் கேள்விக்கு நேர் கீழே நிற்க வேண்டும், தீர்ந்துவிட்டது என்று தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

சில நாளில் பதில் வந்தது. அந்தப் பதிலை மேலே தூக்கி, பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் போட்டிருந்தார். பிரிண்டர் பகுதி முழுவதையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்களா என்றும் கேட்டிருந்தார். மனைவி அதை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினாள்.

அன்றிலிருந்து கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவளுக்கு அதுதான் வேலை. நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து, "மகிழ்ச்சி, எப்படிச் சரியானது?" என்று கேட்பாள். பெரும்பாலானவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள்.

ஒருமுறை பேப்பர் இழுக்காத பிரிண்டருக்கு நானே ஒரு பதில் எழுதினேன். அவள் சரி போடவில்லை.

"நம்ம கடையில செஞ்சு பார்த்தோமே" என்றேன்.

"நீங்க ஒரு ஆளுதானேங்க. இன்னொருத்தரும் சொல்லட்டும்."

ஒரு வாரம் தினமும் திறந்து பார்த்தேன். கடைசியில் எந்த நாட்டுக்காரரோ, எனக்கும் சரிவந்தது என்று ஒரு வரி எழுதினார். அவள் பச்சைச் சரியைப் போட்டுவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.