எனக்கு ஒண்டுமில்லை அண்ணை, ஆக்கள்தான் கதைக்கினம்

"…அவவை எதிர்க்கட்சி விழுத்தேல்லை, சனமும் விழுத்தேல்லை. கூட இருந்து தேத்தண்ணி குடிச்ச மந்திரிமார்தான் விழுத்தினவை" என்றபடி குணம் அண்ணை எனக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் வந்த காரணம் வேறு.

அண்ணை கனடாவில் எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவர். எப்போதிலிருந்து என்று கேட்காதீர்கள்… மன்றம் தொடங்கிய நாளிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். 'இந்த முறை வேறொருவருக்கு விடுங்கள்' என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வர மன்றத்து நிர்வாகிகள் என்னை அனுப்பியிருந்தார்கள். வில்லரே பகுதியில் மெட்ரோவை விட்டு இறங்கி, பனியில் சறுக்கிச் சறுக்கி, வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனால்… மனிதர் பழைய பிரிட்டிஷ் பெண் பிரதமரின் கதை பேசுகிறார்!

நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் மைக் கிடைத்தால்? "ரெண்டே ரெண்டு வசனம்" என்றுதான் தொடங்குவார். நாங்கள் விழா வைக்கும் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் பொங்கல் ஆறி, இறுகி, கத்தி கேட்கும் நிலைக்கு வந்துவிடும். அந்த மைக் மன்றத்தினுடையது. இருப்பதோ அண்ணை வீட்டு அலுமாரியில்.

போன பொங்கலுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார் — வீட்டுக்கு ஒரு பெரிய தட்டு நிறைய உளுந்து வடை. குடும்பமோ தனி ஆளோ, எல்லோருக்கும் ஒரே அளவு. லாசால் பகுதியில் ஓர் அறையைப் பங்குபோட்டு இருக்கும் சென்னைப் பையன்களிடம் இருப்பது ஒரே ஒரு வாணலி… அதுவும் முட்டை பொரிக்க. பாவம், என்ன செய்வார்கள்? மூலைக் கடையான டெப்பனேரில் டோனட் வாங்கி, அழகாக அடுக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஓட்டை இருக்கிறதே!

அண்ணை அதைப் பற்றியும் இரண்டு வசனம் பேசினார். அதன்பிறகு பையன்கள் மன்றப் பக்கமே வரவில்லை. இப்போது மேசை தூக்கவும் ஆள் இல்லை.

கனடாவுக்கு வருமுன் அண்ணை லண்டனில் அகதியாக இருந்தவர். அந்த அம்மையார் பதவியிலிருந்த கடைசி நாட்களைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். பதினொரு வருடம் ஆண்டவர், மூன்று தேர்தல் வென்றவர். மாளிகைக்காரருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் தலைக்கு ஒரே வரி என்று கொண்டுவந்தார். தெருவில் கலவரம். மந்திரிகள் முணுமுணுத்தார்கள், அவர் காது கொடுக்கவில்லை. கட்சிக்குள்ளேயே தலைமைக்குப் போட்டி வந்தது. வாக்கெடுப்பு நாளில் அவர் பரிஸில். சொற்ப வாக்குக் குறைந்து முதல் சுற்று முடிவில்லாமல் இழுபட, திரும்பி வந்து மந்திரிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"முக்கால்வாசிப் பேரும் ஒரே கதை" என்றார் அண்ணை. "'நான் உங்கட பக்கம்தான், ஆனா நீங்கள் வெல்லமாட்டியள்.' தன்ர வாயால 'போங்கோ' எண்டு சொல்ல எத்தினை பேருக்குத் துணிவிருந்தது?"

நான் தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன். அது எப்போதோ ஆறியிருந்தது.

"சரி, நீர் என்ன விஷயமா வந்தனீர்?"

மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான்:

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை… ஆக்கள்தான் கதைக்கினம்."

அண்ணையின் மனைவி ரதி அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நேற்று பொருளாளரும் இதைத்தான் சொன்னவர். காலமை செயலாளர். அந்த ஆக்கள் ஆர் தம்பி? ஒருக்கா இஞ்சால வரச் சொல்லும், அவைக்கும் தேத்தண்ணி குடுப்பம்."

நம்மிடம் இது ஒரு கலை. கெட்ட செய்தியை நாம் சொல்வதே இல்லை, 'ஆக்கள்' சொல்வார்கள். கல்யாணப் பேச்சு முறிந்தாலும் அவர்கள்தான், வாடகைக்கு இருப்பவரை வீட்டை விட்டு எழுப்பினாலும் அவர்கள்தான். நாம் வெறும் தபால்காரர்! வெள்ளைக்கார மந்திரிகளும் நம்மிடம்தான் படித்தார்களோ? எதிரி கத்தினால் கவலை வேண்டாம். வேண்டியவர்கள் 'ஆக்கள்' என்று தொடங்கினால் — கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்களை விடும். உமக்கு என்ன? நான் விலகவேணுமோ?"

"ஓம் அண்ணை" என்றேன். "பெடியள் திரும்பி வரவேணும்."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மைக். இடுப்பில் உடுத்தியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்து என் மடியில் வைத்தார்.

"அந்த அம்மா பதவியை விட்டுப் போகேக்க காருக்குள்ள கண் கலங்கினவ. நான் கலங்கமாட்டன்."

நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்… கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி, அண்ணை மைக்கை என் மடியிலிருந்து திரும்ப எடுத்தார். சுவிட்சைப் போட்டார். இரண்டு தட்டுத் தட்டினார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டே ரெண்டு வசனம்…" என்று தொடங்கினார்.