எல்லா நோயும் எனக்கிருந்த காலம்

மனக்கோளாறுகளைப் பற்றிப் படிக்கச் சேருகிறவருக்கு முதலில் கிடைக்கும் நோயாளி அவரேதான். இந்தப் பாடத்தை எடுத்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகலில் அலுவலகம், மாலையில் டிப்ளமா வகுப்பு என்று ஓடிய அந்த நாள்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

எல்ஆர்டியில் வந்த நோய்கள்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் புரட்டுவேன். பதற்றம் பற்றிப் படித்தால் நெஞ்சு படபடக்கும். மனச்சோர்வுப் பாடம் நடந்த வாரம் சாப்பாடே இறங்கவில்லை. பயந்துபோய் விரிவுரையாளரிடம் தனியாகச் சொன்னேன். அவர் தலை நரைத்த தமிழ்ப் பெண்மணி. வருஷா வருஷம் இதையே கேட்டு அலுத்திருப்பார்.

“நல்லவேளை, நீங்க மகப்பேறு படிக்க வரல” என்றார்.

தேக்காவில் ஒரு மேஜை

என் நோய்கள் தீர்ந்ததும் ஊரார் நோய்களுக்கு வந்தேன். வகுப்புத் தோழி ஃபரீதாவும் நானும் தேக்கா உணவங்காடியில் கோப்பி குடித்தபடி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நோய் கண்டுபிடிப்போம். ஒருநாள் பக்கத்து மேஜைப் பெரியவர் டிஷ்யூ தாளை மடிப்பதும் குனிவதும், நிமிர்ந்து மறுபடி மடிப்பதுமாக இருந்தார். ஃபரீதா நோயின் பெயரைச் சொன்னாள், நான் அறிகுறிகளை அடுக்கினேன். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டோம் போலிருக்கிறது.

“மேஜை ஆடுதும்மா, காலுக்கு அடியில வைக்கிறேன்” என்றார் பெரியவர்.

வீட்டுக்குள்ளேயே

என் அக்கா செல்விக்குச் சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலையில் கிளம்பி லிஃப்ட் வரை போவாள். கேஸை மூடினேனா என்று திரும்பி வருவாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். பொறுப்பான பெண் என்று அம்மாவுக்குப் பெருமை. இனியும் தாமதமாக வந்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பாடத்தில் படித்ததை ஒன்று விடாமல் அவளிடம் ஒப்பித்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

“பேரு தெரிஞ்சிடுச்சு, சரி லா. நிறுத்துறது எப்படின்னு சொல்லு.”

லிஃப்ட் வாசலில்

ஃபரீதாவிடம் புலம்பினேன். பாடம் எடுப்பதை விட்டுவிட்டு அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போ என்றாள். போன அன்றும் அக்கா வீட்டுக்கும் லிஃப்டுக்கும் நடந்தாள். நான் பாடம் எடுக்காமல் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். அப்பா குளியலறையில் விழுந்து இறந்த நாளிலிருந்து என்றாள். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். இதை அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை, டாக்டரைப் பார்த்தே சொன்னாள்.

“அன்னிக்கு நான் திரும்பிப் பார்க்காம வேலைக்குப் போயிட்டேன் டாக்டர்.”

சிகிச்சை மாதக்கணக்கில் போனது, வேலையும் தப்பியது. நான் வாங்கிய டிப்ளமா சான்றிதழை அக்காதான் கூடத்தில் மாட்டினாள், நேராக இருக்கிறதா என்று ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள், கோணலாகத்தான் தொங்குகிறது.