சோலையப்பனின் நிழலை அளந்த நூல்

கார்மேகம் பரமக்குடிப் பக்கத்துக்காரன். ஊரில் லாரிகளின் பின்புறம் புலியும் தாமரையும் வரைந்துகொண்டிருந்தவன், எழுபத்தாறில் குவைத்துக்கு வந்து பெயர்ப்பலகை எழுதினான். பிறகு நான் காமிராமேனாக இருந்த விளம்பரப் படக் கம்பெனியில் சேர்ந்தான். படித்தது எட்டாவது. ஆனால் ஒருவன் நடப்பதை ஒரு தடவை பார்த்தால் போதும், அந்த நடையை அப்படியே பன்னிரண்டு படங்களில் வரைந்துவிடுவான். அந்தக் கைக்கு முன்னால் என் டிப்ளமோ எந்த மூலைக்கு?

அவன் கையின் அருமையைக் கண்டுபிடித்தவர் தோதர். பல்கேரியாக்காரர், கார்ட்டூன் பட டைரக்டர். சோப்புக்கும் பால்பவுடருக்கும் விளம்பரம் எடுத்துச் சலித்துப்போய், முதலாளியைக் கெஞ்சி, தன் ஊர்க் கதை ஒன்றை எட்டு நிமிடக் கார்ட்டூன் படமாக எடுக்க ஆரம்பித்தார். கட்டக் கட்ட இடிந்துவிழும் ஒரு பாலம். கொத்தனார்கள் வழிப்போக்கன் ஒருவனின் நிழலை நூலால் அளந்து, அந்த நூலை அஸ்திவாரத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். பாலம் நின்றுவிடுகிறது. எங்களுக்குச் சொன்ன கதை அவ்வளவுதான்.

தோதரிடம் ஒரே தொல்லை அவருடைய தலையாட்டல். அவர்கள் ஊரில் ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். வேண்டாம் என்பதற்கு மேலும் கீழும் அசைப்பார்கள். முதல் வாரம் முழுக்க டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவர் தலையைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டோம். மனுஷன் டீ இல்லாமல் தவித்திருக்கிறார். விஷயம் விளங்கியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இனி உங்களைப் போலவே ஆட்டுகிறேன் என்று சொல்லி மாற்றிக்கொண்டார். வேலையில் மூழ்கிவிட்டால் மட்டும் பழைய பழக்கம் தலைகாட்டும்.

நிழல் காட்சிக்கு அவர் தன் கோட்டை ஸ்டாண்டில் மாட்டி, அதன் நிழலை அளக்கச் சொன்னார். கார்மேகத்துக்கு அது பிடிக்கவில்லை.

"கோட்டு நிழல் பொணமாட்டம் கெடக்கு சார். நம்ம ரூம்ல சோலையப்பன் இருக்கான்ல, எடது காலைச் சாய்ச்சு நடப்பான். அவன் நெழலை அளந்துக்கிறட்டுமா, கேளுங்க சார்."

கேட்டேன். தோதர் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை மேலும் கீழும் அசைத்தார்.

"சரின்னுட்டார், போ" என்றேன்.

சோலையப்பன் கொத்தனார், கார்மேகத்தின் ஊர்க்காரன். குவைத்தில் அப்பாசியா பகுதியில் எங்களோடு ஒரே அறையில் இருந்தவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைச் சுவரோரம் நடக்கவிட்டு, கார்மேகம் அவன் நிழலை வெள்ளை நூலால் அளந்தான். படத்துக்காக அந்த நிழலின் நடையையும் வரைந்துகொண்டான்.

"என்ன மாப்ள, பாடைக்கா அளவெடுக்குற?" என்று சோலையப்பன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுவாரம் காட்சியைப் போட்டுப் பார்த்தோம். காகிதக் கற்களுக்கு நடுவே நூல் கிடந்தது. தோதர் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இது என் கோட்டின் அளவில்லையே. யாருடையது?"

சொன்னோம். அவர் முகம் வெளுத்தது. "நான் வேண்டாம் என்றேனே!" என்று கத்தினார். பிறகு மெல்ல, கதையின் மீதியைச் சொன்னார். நிழலைக் கொடுத்தவன் நாற்பது நாளுக்குள் செத்துப்போவான். செத்து, அந்தப் பாலத்தையே சுற்றிக்கொண்டிருப்பான். சொல்லிவிட்டு, எல்லாம் மூடநம்பிக்கை என்றார். ஆனால் அந்த நூலை மட்டும் அவர் தொடவில்லை.

எனக்கு ஆவி, பேய் என்றாலே எரிச்சல். கார்மேகத்தைத் திட்டினேன். அவன் காலண்டரில் அளந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணி, நாற்பதாவது நாளைச் சுற்றி வட்டம் போட்டான். லீவு போடச் சொல்லி சோலையப்பனைக் கெஞ்சினான். காரணம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சோலையப்பனோ, "லீவா? மாஃபி!" என்று அரபியில் இல்லையென்று கைவிரித்துச் சிரித்துவிட்டு டியூட்டிக்குப் போனான். தினமும் அவன் திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை கார்மேகம் சோற்றில் கை வைக்கமாட்டான்.

இருபத்தெட்டாவது நாள் சைட்டில் சாரம் சரிந்தது. நான்கு பேர் விழுந்தார்கள். மூன்று பேர் எழுந்தார்கள்.

படம் அத்தோடு நின்றுபோனது. தோதர் ஒப்பந்தம் முடியுமுன்பே ஊருக்குப் போய்விட்டார். கார்மேகம் மறுபடி பெயர்ப்பலகை எழுதப் போனான். ஆனால் சாயங்காலமானால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரமாட்டான். சுவரில் ஒரு நிழல் இடது காலைச் சாய்த்து நடக்கிறது என்பான். உளறாதே என்பேன். என் கண்ணும் சுவர்ப் பக்கம்தான் போகும்.

அடுத்த வருஷம் லீவில் அவனோடு சோலையப்பன் வீட்டுக்குப் போனேன். "அவுக மொகம் பார்க்க ஒரு போட்டோகூட இல்லண்ணே" என்றாள் அவன் மனைவி நாகவள்ளி.

கார்மேகம் சட்டைப்பையிலிருந்து ஒரு முழம் ஃபிலிமை எடுத்துக் கொடுத்தான். ஒரு நொடி நடை. அவள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். முகம் இல்லை, வெறும் நிழல்.

"அவுகதான்" என்றாள். "அவுக நடைதான்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நூல், நாற்பது நாள், ஒன்றையும் விடவில்லை. "என்னைய மன்னிச்சிருவியா தங்கச்சி?" என்று அழுதான்.

அவள் ஃபிலிமிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை மேலும் கீழும் அசைத்தாள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது கார்மேகம் கேட்டான். "அது எந்த ஊர் தலையாட்டல் சார்?"

"பைத்தியமா உனக்கு? அவ உங்க ஊர்க்காரி. சரின்னுதான் சொன்னா."

அவன் நின்று என்னைப் பார்த்தான்.

"அன்னைக்கும் நீங்க அதைத்தானே சார் சொன்னீங்க."